வராதவர்களையும் எண்ணுங்கள்

வணக்கங்க. பென்னாகரம் மலையோரக் குக்கிராமங்களுக்குத் துணை சுகாதார நிலையம் கேட்டு மனு எழுத, ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளி எண்ணிக்கை போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. அது வந்தவர்களின் கணக்கு. பஸ் இல்லாமல் வீட்டிலேயே கிடந்தவர்கள் அதில் இல்லை.

துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலை, பழங்குடிப் பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. உங்கள் ஊர்கள் எதில் வருகின்றன என்று பாருங்கள், பாதி வாதம் அதிலேயே முடிந்துவிடும். கர்ப்பிணி, குழந்தைக் கணக்கு கிராம சுகாதார செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் கிடைக்கும்.

அப்புறம் தண்ணீர். நம் தருமபுரி மாவட்டத்தில் இதை விட்டால் கணக்கே தப்பு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் குடிக்க ஆகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்த பிறகும் எத்தனை வீட்டில் போர்வெல் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சிரிக்கச் சொன்னாலே சிலருக்கு முன்பல்லில் பழுப்புக் கோடு தெரியும். ஆனால் அது பல் முளைக்கும் முன்பு குடித்த ஃபுளோரைடு தண்ணீரின் தடம். இன்றைய தண்ணீரைத் தனியாகச் சோதித்துத்தான் ஆகணும்.

கணக்கெடுக்க வீடு வீடாகப் போவதைச் சாயங்காலம் வையுங்கள். பகலில் போய்ப் பூட்டிய கதவுகளைப் பார்த்தே எனக்கு இரண்டு நாள் வீணானது.