மாதம் எவ்வளவு ஒதுக்கினால் வீடு தாங்கும்?

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் 8 பேர்ச் காணியில் இரண்டு மாடி வீடு. கட்டி 22 வருடம். மேல்மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். வருடா வருடம் ஏதாவது ஒரு திருத்த வேலை வந்து வாடகைக் காசை விழுங்கிவிடுகிறது. வீட்டுப் பெறுமதியில் 1 வீதத்தை வருடத்துக்கு ஒதுக்கினால் போதும் என்கிறார்கள். சரியா?

பதில்: கொழும்பில் அந்தக் கணக்கு உதவாது. வெள்ளவத்தை வீட்டின் விலையில் பெரும்பங்கு காணிக்குரியது. காணி ஒழுகாது, கறள் பிடிக்காது. பேர்ச் விலை ஏறியதற்காகப் பெயின்ட் வேலையின் செலவு ஏறப்போவதுமில்லை.

கொப்பி ஒன்றில் வேலைகளைத் தனித்தனியே எழுதுங்கள்: வெளிப் பெயின்ட், சிலாப்புக்கு நீர்க்காப்பு, தண்ணீர் மோட்டர், தாங்கி, வயரிங், மலசலகூடக் குழி. ஒவ்வொன்றுக்கும் இன்றைய கூலியும் சாமான் விலையும் கேட்டு, அந்தத் தொகையை, அடுத்த முறை அந்த வேலை வர இன்னும் எத்தனை மாதம் இருக்கிறதோ அந்த எண்ணால் வகுங்கள். உதாரணத்துக்கு, வெளிப் பெயின்டுக்கு 3,60,000 ரூபாய், 4 வருடத்துக்கு ஒரு தடவை என்றால் மாதம் 7,500. பலர் சறுக்குவது இங்கேதான். பெயின்ட் அடித்து 3 வருடமாகி, கையில் எதுவும் சேரவில்லை என்றால் வகுக்க வேண்டியது 48 ஆல் அல்ல, 12 ஆல். மாதம் 30,000! 22 வருட வீட்டில் முதல் வருடத் தொகை பயமுறுத்தத்தான் செய்யும். பாக்கி தீர்ந்ததும் இறங்கிவிடும்.

வாடகைக்காரர் தந்த முற்பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு.

வருடாந்தச் செலவில் சோலைவரியை ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் மாநகர சபை 10 வீதம் கழிக்கிறது. காலாண்டுக்குரியதை அதன் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம். பீலியை ஏப்ரலிலும் செப்டெம்பரிலும் துப்புரவாக்குங்கள். மே மாதத் தென்மேல் பருவமழையும், ஒக்டோபர், நவம்பர் மழையும் இலை அடைத்த பீலியில் தேங்கிச் சுவருக்குள் இறங்கும். நுளம்புக் குடம்பி கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்கும் போடுவார்.

கடலோர வீட்டில் பெருஞ்செலவு வைப்பது கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிதான். உப்புக்காற்றின் குளோரைட்டு மெல்ல உள்ளே போய்க் கம்பியைக் கறளாக்குகிறது. கறள், தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில் மேற்பூச்சு பிளந்து விழுகிறது. பல்கனியின் அடிப்பக்கத்தையும் சன்ஷேட் விளிம்பையும் பாருங்கள். கம்பி போகும் வழியே மயிரிழை வெடிப்போ மண்ணிற ஒழுக்கோ தெரிந்தால் சுத்தியல் பிடியால் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று வெறும் சத்தம் வந்தால் உள்ளே கழன்றுவிட்டது.

இந்த நிலையில் மேசன் பாஸ் சீமெந்து குழைத்து அப்பிவிட்டுப் போனால், கறள் உள்ளேயே தொடர்ந்து வேலை செய்யும். ஓரிரு மழைக்காலத்தில் அதே இடம் மறுபடி விழும். கம்பியின் பின்பக்கமும் 20 மில்லிமீற்றர் அளவுக்குக் கொத்தி, கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்து, கறள் தடுப்புப் பூச்சு அடித்து, பொலிமர் கலந்த சாந்தால் மூட வேண்டும். கம்பி நன்றாக மெலிந்திருந்தால் பொறியியலாளர் பார்க்காமல் மூடவே கூடாது. விலை கேட்கும்போது இந்தப் படிகளைத் தாளில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்; இல்லையேல் ஒருவர் அப்புவதற்கும் மற்றவர் திருத்துவதற்கும் சொன்ன விலைகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு மேல் போனபோது மோட்டர், வயர் போன்ற இறக்குமதிச் சாமான்களின் பழைய கணக்குகள் எல்லாம் செல்லாக்காசாகின. ஆகவே சோலைவரி கட்டும் ஜனவரியிலேயே கொப்பியின் விலைகளையும் புதிதாகக் கேட்டு மாற்றிவிடுங்கள்.

காசு போதாத வருடத்தில் தண்ணீர் இறங்கும் இடங்களுக்கே முதலிடம்: சிலாப், பீலி, வெடிப்பு. வெளிப் பெயின்டைத் தள்ளினால் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தள்ளாதீர்கள்; கொங்கிரீட்டுக்குள் உப்பு இறங்குவதைத் தாமதப்படுத்துவது அதுதான். உள்சுவர்ப் பெயின்ட், வாடகைக்காரர் மாறும்வரை காத்திருக்கட்டும்.