வளவுக்குள் ஒரு வேலை

அன்புள்ள ஆச்சி,

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மகப்பேறு விடுப்பு முடிந்ததிலிருந்து பள்ளத்தூரில் மாமியார் வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கிறேன். வாடகை மிச்சம், மகள் அப்பத்தா மடியில் வளர்கிறாள். ஆனால் "வீட்லதானே இருக்கே, ஒரு எட்டு வந்து பரிமாறிட்டுப் போ" என்று அரை மணிக்கு ஒருமுறை கூப்பிடுகிறார்கள். விட்டுப்போன வேலையை ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு முடிக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் கணவர் பொங்கலுக்கு வந்தபோது அவரும் சில நாள் இதே வீட்டிலிருந்து வேலை பார்த்தார். அந்த அறைப் பக்கம் யாரும் போகவில்லை, காப்பி மட்டும் உள்ளே போனது. வாய்வார்த்தையாக அனுமதி தந்த மேலாளர் இப்போது மாறிவிட்டார். புதியவர் அலுவலகத்துக்கு வரச் சொல்கிறார். வேலையை விட்டுவிடலாமா?

— வாசகி, பள்ளத்தூர்

அன்புள்ள தங்கைக்கு,

விட வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் அந்தக் காப்பிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வீட்டிலிருந்து ஒருவர் வேலை பார்த்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உங்கள் வீட்டாருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. உங்களுக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. இதைக் கோபப்படாமல், ஆனால் மழுப்பாமல், மாமியாரிடமும் கணவரிடமும் சொல்லுங்கள். கணவர் தன் வாயால் சொன்னால் இன்னும் நல்லது. சொல்ல வேண்டியது அவர் பொறுப்பும்கூட.

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய குழுவும் ஷாங்காயில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் தொலைபேசி ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2010 கடைசியில் தொடங்கி ஒன்பது மாதம் நடந்தது. வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் 13% கூடுதலாக வேலை செய்தார்கள். பலரும் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த ஆய்வில் சேரவே ஒரு நிபந்தனை இருந்தது: வீட்டில் வேலைக்கென்று தனி அறை வேண்டும். ஆய்வு முடிந்ததும் வீட்டிலிருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பிப் போனார்கள், தனிமை தாங்காமல். ஒரே அளவு வேலை செய்தும் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. கண்ணில் படாத ஆளை மேலாளர் மறந்துவிடுகிறார்.

தனி அறை என்பது நம் செட்டிநாட்டில் வேடிக்கையான பிரச்சினை. வீடு ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை போகிறது, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார இடமில்லை. வளவை, அதாவது நடுமுற்றத்தை, சுற்றியுள்ள அறைகள் புள்ளிக்கு (கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும்) ஒன்றாகப் பிரித்தவை. சாமான் வைக்கவும் படுக்கவும் கட்டியவை. உள்ளே வெளிச்சம் கிடையாது. அந்தச் சுவர்களைத் தாண்டி இணையமும் சரியாக வராது. அதனால் நீங்கள் திறந்த கூடமான பட்டாலையில் தூண் ஓரம் மடிக்கணினியோடு உட்கார்கிறீர்கள், போகிறவர் வருகிறவர் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். மேல்மாடியிலோ முகப்பிலோ ஓர் அறையைக் கேட்டு வாங்குங்கள். பங்காளிகள் பங்கு என்றால் அவர்களிடமும் கேளுங்கள். வருடத்தில் பாதி நாள் பூட்டித்தானே கிடக்கிறது.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நம் ஐயாக்கள் சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் (கடையும் தங்குமிடமும் ஒன்றாக இருந்த கட்டடங்களில்) எப்படி இருந்தார்கள்? பகலில் பணப்பெட்டி வைத்த பெட்டியடியில் கணக்கு, ராத்திரி அதே இடத்தில் படுக்கை. வேலையும் இருப்பும் ஒரே தரையில்தான். ஆனால் ஒருவரும் தனியாக இல்லை. ஒரே கிட்டங்கிக்குள் பல கடைகள், சேர்ந்து சாப்பாடு. அவர்கள் அனுப்பிய பணத்தில் இங்கே வீடு எழும்பியது. அதைக் கட்டிக் காத்த ஆத்தாக்களின் உழைப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. உங்களுக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் இவ்வளவு சொல்கிறேன். பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் பக்கம் உங்களைப் போல வேலை பார்க்கும் பெண்கள் இருப்பார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு முகப்பைத் திறந்து, இணையக் கட்டணத்தையும் மின் கட்டணத்தையும் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

இனி அலுவலகம். கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதுகிற நகரத்தார் நாம், வேலையை வாய்வார்த்தையில் விடலாமா? 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், நிறுவனமும் தாயும் பேசி ஒத்துக்கொண்டு, விடுப்புக்குப் பிறகும் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று சேர்த்தார்கள். நிறுவனம் கட்டாயம் தந்தாக வேண்டும் என்று அதில் இல்லை. ஆனால் கேட்க அது போதும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அதே திருத்தம்தான். வரத்தான் வேண்டும் என்றால் காப்பகம் எங்கே என்று மின்னஞ்சலில் கேளுங்கள். மாதத்தில் சில நாள் மட்டும் நேரில் வருகிறேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். காலையில் காரைக்குடியில் பல்லவன் ரயிலில் ஏறினால் மத்தியானத்துக்குள் எழும்பூர் போய்விடலாம். பதவி உயர்வுக்கு அந்த முகம் காட்டல் தேவைப்படும்.

மேலாளருக்கு எழுதுவதை அனுப்புமுன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
ஆச்சி