கணவர் வந்து ஆறு கிழமைதான், ஸ்கேனில் எட்டுக் கிழமை என்று போட்டிருக்கிறதே, எப்படி?

தங்கச்சி, ஸ்கேனும் பிழையில்லை, உங்களிலும் பிழையில்லை. கணவர் கட்டாரிலிருந்து கல்முனைக்கு வந்து ஆறு கிழமை, ஸ்கேனில் எட்டுக் கிழமை, அதனால் மாமி முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். இடிக்கிற அந்த இரண்டு கிழமையை விளக்கிவிடுகிறேன்.

உலகம் முழுவதும் கர்ப்பத்தைக் கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவருக்கு முட்டை வெளிவருவது ஏறத்தாழ 14ஆம் நாளில். கருக்கட்டல் அதற்குப் பிறகுதான். ஆக, கணக்கில் வரும் முதல் இரண்டு கிழமையில் வயிற்றில் கருவே கிடையாது! மாதவிடாய் தள்ளிப்போன அன்றே நீங்கள் ‘நாலு கிழமை’ கர்ப்பிணி. உள்ளே இருக்கும் முளையத்துக்கோ அப்போது இரண்டு கிழமை வயதுதான்.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள்? கருக்கட்டிய நாள் யாருக்கும் தெரியாது. வெளிவந்த முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது, ஆனால் விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரைகூட உயிரோடிருக்கும். கணவனும் மனைவியும் சேர்ந்த நாள் ஒன்று, கருக்கட்டிய நாள் வேறொன்றாக இருக்கலாம். மாதவிடாய் வந்த திகதி அப்படியில்லை, அது பெண்ணுக்குத் தெரியும். பிள்ளை பிறக்கும் நாளைக் கணிக்க ஜெர்மன் மருத்துவர் நெகேலேயின் பெயரில் வழங்கும் கணக்கும் இதுதான்: அந்தத் திகதியோடு 7 நாளைக் கூட்டி, 3 மாதம் பின்னால் போய், ஒரு வருடத்தைக் கூட்ட வேண்டும். ஜனவரி 10 என்றால் அதே வருடம் அக்டோபர் 17. மொத்தம் 280 நாள். மாமி மகனைப் பத்து மாதம் சுமந்ததாகச் சொல்வாரே, அந்தப் பத்தும் 28 நாள் மாதமாக எண்ணினால்தான் சரிவரும். கருக்கட்டியதிலிருந்து பார்த்தால் 266 நாள்தான். ஒன்பது மாதம்கூட முழுதாக வராது.

‘ஸ்கேன் பிள்ளையைத்தானே அளக்கிறது, மாதவிடாயை இல்லையே’ என்று யாராவது மடக்குவார்கள். நல்ல கேள்விதான். தலையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தை மில்லிமீற்றரில் அளந்து, அதைக் கிழமையாக மாற்றித் தருகிறது மெஷின். அந்த அட்டவணையிலேயே இரண்டு கிழமை சேர்த்துத்தான் இருக்கிறது. சுமார் 16 மில்லிமீற்றர் இருந்தால் எட்டுக் கிழமை என்று காட்டும். அந்த முளையத்தின் உண்மை வயது ஆறு. சோதனைக்குழாய் முறையில் கருக்கட்டிய நாள் கையிலேயே இருக்கிறது இல்லையா? அங்கேகூட முட்டையை வெளியே எடுத்த நாளை ‘இரண்டு கிழமை’ என்றுதான் பதிகிறார்கள். மாமி நம்ப மறுத்தால் இதைச் சொல்லுங்கள்.

ஆரம்ப ஸ்கேனில் ஐந்தாறு நாள் முன்னே பின்னே வருவதும் சாதாரணம். அடுத்த ஸ்கேனில் ‘எட்டு கிழமை நாலு நாள்’ என்று வரவேண்டிய இடத்தில் ஒன்பது என்று வந்தால் திரும்பவும் பயப்படாதீர்கள். மாதவிடாய் 35 நாளுக்கு ஒருமுறை வருபவர்களுக்கு முட்டையே ஒரு கிழமை பிந்தித்தான் வெளிவரும். திகதிக் கணக்கும் ஸ்கேனும் நன்றாக விலகி நின்றால் ஆரம்ப ஸ்கேனைத்தான் வைத்தியர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

எனக்குக் கோபம் வருவது மாமியில் இல்லை, பக்கத்தில் பேசாமல் இருக்கிற உங்கள் கணவரில்தான். வளைகுடாவுக்குப் போய்வருகிற ஆண்கள் இத்தனை பேர் உள்ள நம் ஊர்களில், இந்தக் கணக்கைத் தாயிடம் சொல்ல வேண்டியது அவர்தானே? இதை அவருக்கும் அனுப்புங்கள். இன்னும் பதியவில்லை என்றால் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் உடனே பதியுங்கள், ஃபோலிக் அமில மாத்திரையும் கிடைக்கும். கிளினிக்குக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கார்டில் கடைசி மாதவிடாய்த் திகதி எழுதுகிற இடத்தைக் காட்டி, எண்ணுவது எங்கிருந்து என்று மிட்வைஃபே அவருக்குச் சொல்லட்டும்.