முகமது அலி கையெழுத்திட்ட கிளவுஸ் போலி: கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: வட சென்னையில் வசிக்கிறேன். குத்துச்சண்டை தொடர்பான பழைய போஸ்டர், டிக்கெட், கிளவுஸ் என்று பல வருடமாகச் சேர்த்து வருகிறேன். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது என் அப்பாவும் சித்தப்பாவும் நேரில் பார்த்தார்கள். அப்பா வைத்திருந்த டிக்கெட் இப்போதும் என்னிடம் இருக்கிறது. போன வருடம் ஆகஸ்டில், பழைய விளையாட்டுப் பொருட்களை விற்கும் ஒரு இன்ஸ்டாகிராம் பக்கத்தில் 'மெட்ராஸ் 1980-ல் அலி நேரில் கையெழுத்திட்டது' என்று ஒரு சிவப்பு கிளவுஸைப் போட்டிருந்தார்கள். விற்பவர் டெல்லியில் இருக்கிறார். ரூ.1,85,000-ஐ இரண்டு தவணையாக வங்கி மூலம் அனுப்பினேன். தங்க நிற முத்திரை ஒட்டிய சர்டிபிகேட் வந்தது, பில் வரவில்லை. போன மாதம் கிளவுஸைத் துடைக்கும்போது, மணிக்கட்டுப் பகுதியின் உள்ளே தைத்திருக்கும் லேபிளில் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதள முகவரி இருப்பதைப் பார்த்தேன். விற்றவரிடம் கேட்டால், "விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறோம், நாங்களும் இன்னொருவரிடம் வாங்கியதுதான்" என்கிறார். இப்போது போனை எடுப்பதில்லை. பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? போலீஸுக்குப் போகலாமா? ஒரு நண்பர் ஒரு லட்சத்துக்குக் கேட்கிறார், கொடுத்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம். நண்பருக்குக் கொடுக்காதீர்கள். போலி என்று உங்களுக்குத் தெரிந்த பிறகு, அதைச் சொல்லாமல் அலி கையெழுத்து என்று விற்றால், டெல்லிக்காரர் உங்களுக்குச் செய்ததை நீங்கள் இன்னொருவருக்குச் செய்தவர் ஆவீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதலுக்கான 318-வது பிரிவு உங்கள் மேலும் பாயும். உண்மையைச் சொல்லி அலங்காரப் பொருளாக விற்பதில் சட்டப்படி தவறில்லை. ஆனால் இப்போது அதையும் செய்யக் கூடாது. உங்கள் வழக்கின் முதல் சாட்சி அந்த கிளவுஸ்தான்.

அதை இனி துடைக்கவும் வேண்டாம். லேபிளின் தையலில் ஒரு நூலைக்கூடப் பிரிக்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் லேபிள், கையெழுத்து, கயிறு கட்டும் துளைகள், தோலில் உள்ள மடிப்புகள் எல்லாவற்றையும் கிட்டத்தில் படமெடுங்கள். காரணம் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு சொல்லப்போகும் முதல் பதில், "நான் அனுப்பிய கிளவுஸ் இது இல்லை, இவர் மாற்றிவிட்டார்" என்பதாகத்தான் இருக்கும். அதை உடைக்க, விளம்பரத்தில் அவர் போட்ட படங்களோடு உங்கள் கையில் இருப்பதைப் பொருத்திக் காட்ட வேண்டும். கையெழுத்தின் கோடு எந்தத் தையலைத் தாண்டிப் போகிறது, மை எந்த இடத்தில் விட்டுப்போயிருக்கிறது, கட்டைவிரல் பக்கம் தோல் எங்கே வெடித்திருக்கிறது என்பதெல்லாம் இரண்டு படத்திலும் ஒன்றாக இருந்தால் அவருடைய வாதம் நிற்காது. பார்சல் பிரித்தபோது வீடியோ எடுத்திருந்தால் ரொம்ப நல்லது. கூரியர் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடவில்லை என்று நம்புகிறேன். அனுப்பியவரின் முகவரி அதில்தான் இருக்கும்.

அந்தப் பக்கம் எப்போது வேண்டுமானாலும் மறைந்துவிடும். ஆகவே இன்றைக்கே விளம்பரம், விலை பேசிய உரையாடல், அவர் விற்கும் மற்ற பொருட்களின் பதிவுகள் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பழைய போனை மாற்றும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலக் கருவி உங்களிடமே இருந்தால் அது எளிது.

இப்போது பணத்துக்கு வருவோம். கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, உங்கள் நிலை பலமாகவே இருக்கிறது.

விற்றவர் உங்களிடம் ஏதோ ஒரு கிளவுஸை விற்கவில்லை. '1980-ல் சென்னையில் அலி கையெழுத்திட்ட கிளவுஸ்' என்ற விவரிப்பின் பேரில் விற்றார். 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 15-வது பிரிவில், விவரிப்பின் பேரில் விற்கும் பொருள் அந்த விவரிப்போடு ஒத்துப்போக வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. நீங்கள் 1,85,000 ரூபாய் கொடுத்தது தோலுக்கும் பஞ்சுக்கும் இல்லை, அந்த ஒரு வரிக்குத்தான். அந்த வரி பொய் என்றால் நிபந்தனை மீறப்பட்டுவிட்டது. "நாங்களும் வாங்கியதுதான்" என்பது இங்கே பதிலே ஆகாது. அவருக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்ற கேள்வி கிரிமினல் வழக்கில் வரும். பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமைக்கு அது தடை இல்லை. 'திரும்ப எடுக்க மாட்டோம்' என்ற வாசகமும் அப்படித்தான். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று வருகிறவரிடம் அதைக் காட்டலாம். சொன்ன பொருளையே தராதவருக்கு அது கவசம் ஆகாது.

ஒரு இடத்தில் மட்டும் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். அதே சட்டத்தின் 42-வது பிரிவுப்படி, பொருளை வாங்கியவர் நியாயமான காலத்துக்குள் நிராகரிப்பதாகத் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தால், ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். ஏற்றுக்கொண்ட பிறகு நிராகரிக்கும் உரிமை போய், நஷ்டஈடு கேட்கும் உரிமைதான் மிஞ்சும். உங்களுக்கு உண்மை தெரிந்தது போன மாதம். லேபிள் உள்ளே மறைவாக இருந்ததால் அதுவரை தெரிய வழியில்லை என்று சொல்லலாம். ஆனால் தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் சும்மா இருந்தால் அந்த வாதம் கரைந்துவிடும். போனில் சொன்னது போதாது. பொருளை நிராகரிக்கிறேன், பணத்தை வட்டியுடன் 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் ஒரு நோட்டீஸ் போகட்டும். ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலிலும், மின்னஞ்சலிலும், உரையாடல் நடந்த அதே இன்ஸ்டாகிராமிலும் அனுப்புங்கள். "முதலில் கிளவுஸை அனுப்புங்கள், பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தால் அனுப்பிவிடாதீர்கள். நிராகரித்த பொருளைத் திருப்பி அனுப்பும் கடமை வாங்கியவருக்கு இல்லை, தெரிவித்தாலே போதும் என்கிறது 43-வது பிரிவு. பணம் கைக்கு வரும்போது பொருளைக் கொடுக்கத் தயார் என்று மட்டும் எழுதுங்கள்.

பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு, புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பொய்யான விவரிப்போடு விற்றது மட்டுமல்ல, பில் கொடுக்காததும் இந்தச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. புகாரில் அதைத் தனியாக எழுதுங்கள். காலக்கெடு இரண்டு வருடம். போலி என்று தெரிந்த நாளிலிருந்துதான் கணக்கு என்று வாதிடலாம் என்றாலும், அந்த வாதத்தை நம்பி உட்கார வேண்டாம். பணம் அனுப்பிய தேதியிலிருந்தே எண்ணிக்கொண்டு அதற்குள் தாக்கல் செய்துவிடுங்கள். ஆணையம் உத்தரவிட்டும் அவர் பணம் தராவிட்டால் 72-வது பிரிவில் சிறைத் தண்டனைக்கே வழி இருக்கிறது. தொலைவில் இருக்கும் எதிர்த்தரப்பைப் பேச வைப்பது பெரும்பாலும் இந்தப் பிரிவுதான்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ பொருள் வாங்கியவரை இந்தச் சட்டம் நுகர்வோராக ஏற்காது. நீங்கள் சேகரிப்புக்காக வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உண்மை என்றால் அதையே சொல்லுங்கள். லாபத்துக்கு விற்கத்தான் வாங்கினீர்கள் என்று உரையாடலில் எங்காவது எழுதியிருந்தால் என்னிடமோ உங்கள் வக்கீலிடமோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்போது சிவில் நீதிமன்றம்தான் வழி. அங்கே மோசடி தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம் உண்டு. அதேபோல் விற்றவர் வியாபாரமாகச் செய்யாமல் தன் வீட்டுப் பொருளை ஒரே ஒரு தடவை விற்றவராக இருந்தாலும் சிவில் வழக்குதான் சரி. அந்தப் பக்கத்தில் உள்ள மற்ற விற்பனைப் பதிவுகளைச் சேமிக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

புகாரை எழுதும்போது கையெழுத்து போலி என்பதை முதல் வரியாக வைக்காதீர்கள். லேபிளை முதலில் வையுங்கள். நுகர்வோர் ஆணையம் சுருக்கமான விசாரணை நடத்தும் இடம். இது சிக்கலான பிரச்சினை, நிபுணர்களைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று தோன்றினால், சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சொல்லிவிடும் ஆபத்து உண்டு. கையெழுத்து வாதம் அந்தப் பள்ளத்தில்தான் கொண்டுபோய் விடும். அலி தாராளமாகக் கையெழுத்துப் போட்டவர். 1964 மார்ச் வரை அவர் பெயர் கேசியஸ் கிளே. அப்புறம் முகமது அலி. 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்த பிறகு அவருடைய எழுத்து சுருங்கி நெருங்கிப்போனது. இத்தனை மாற்றம் உள்ள ஒரு கையெழுத்தைப் பற்றி இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொல்ல முடியும். லேபிளில் அந்தத் தொல்லை இல்லை. இணையதள முகவரி என்ற ஒன்று 1980-ல் உலகத்தில் எங்குமே கிடையாது. வேர்ல்டு வைடு வெப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததே 1991-ல்தான். அப்படி ஒரு முகவரி அச்சிட்ட கிளவுஸில் 1980-ல் யாரும் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ள நிபுணர் வேண்டாம். பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற அமெரிக்கச் சரிபார்ப்பு நிறுவனங்களிடம் படத்தை அனுப்பிக் கருத்துக் கேட்டுக் கூடுதல் ஆவணமாக வைக்கலாம். கிளவுஸையே கடல் கடந்து அனுப்ப வேண்டாம்.

அந்தத் தங்க முத்திரை சர்டிபிகேட்டையும் பத்திரமாக வையுங்கள். ஆனால் அதன் மதிப்பு, அதில் கையெழுத்திட்டவரின் மதிப்பு மட்டுமே. விற்றவரே அச்சடித்துக் கொடுத்தது என்றால் அது அவருடைய வாய்ச்சொல்லின் எழுத்து வடிவம்தான். அமெரிக்காவில் 1990-களில் எஃப்பிஐ நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் கையெழுத்துகளோடு சேர்த்து நம்பகச் சான்றிதழ்களும் போலியாகத் தயாரானது வெளிவந்தது. 1974-ல் ஜயரில் (இன்றைய காங்கோ) ஜார்ஜ் ஃபோர்மேனை அலி வீழ்த்திய போட்டியோடு சேர்ந்த பெல்ட் 2022 ஏலத்தில் 61 லட்சம் டாலருக்கு மேல் போயிருக்கிறது. அப்படிப்பட்ட சந்தையில் ஒரு காகிதத்தை அச்சடிக்கத் தயங்க மாட்டார்கள். இனி வாங்கும்போது சர்டிபிகேட்டைக் கேட்பதைவிட, பொருள் யார் யார் கை மாறி வந்தது என்று கேளுங்கள். பதிலைச் சரித்திரத்தோடு ஒப்பிடுங்கள். ஜயர் போட்டியில் அலி அணிந்த கிளவுஸ் என்று யாராவது கொண்டுவந்தால், அதை 1976-லேயே அலி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டாரே என்று கேட்கலாம். அதே போட்டிக்கான போஸ்டரில் செப்டம்பர் தேதி இருந்தால் உடனே போலி என்று ஒதுக்கவும் கூடாது. பயிற்சியில் ஃபோர்மேனுக்குக் கண்ணருகே வெட்டுப்பட்டதால்தான் போட்டி அக்டோபர் 30-க்குத் தள்ளிப்போனது.

போலீஸ் புகார் கொடுக்கலாம், கொடுங்கள் என்றே சொல்வேன். ஏமாற்றிப் பணம் பறிப்பதற்கு 318(4)-ல் ஏழு வருடம் வரை தண்டனை. எழுத்து எந்தப் பொருளின் மேல் இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது ஆவணம்தான் என்பதால், கிளவுஸ் மேல் போட்ட பொய்க் கையெழுத்துக்கும் போலி ஆவணப் பிரிவுகள் பொருந்தும். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். 1930 என்ற சைபர் மோசடி உதவி எண், பணம் போன உடனே அழைத்தால்தான் கணக்கை முடக்க உதவும்; இத்தனை மாதம் கழித்து அதில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். கிரிமினல் வழக்கில் அவர் தெரிந்தே ஏமாற்றினார் என்று நிரூபிக்க வேண்டும், அது கடினம், காலமும் பிடிக்கும். ஆகவே போலீஸ் புகாரைக் காரணம் காட்டி நுகர்வோர் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம். போலீஸ் விசாரணையில் வங்கிக் கணக்கின் உரிமையாளர் விவரம் வெளிவந்தால் அது உங்கள் நோட்டீஸுக்கும் உதவும்.

உங்கள் அப்பாவின் டிக்கெட்டை இந்த வழக்கில் காட்ட வேண்டாம்; அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தாக்கல் செய்த ஆவணம் திரும்பக் கைக்கு வரவும் நாளாகும். ஆனால் அதைப் பற்றி ஒரு யோசனை. உங்கள் சேகரிப்பில், கை மாறிய வரலாறு முழுமையாக இருக்கும் பொருள் அதுதான்: வாங்கியவர் அப்பா, வைத்திருந்தவர் அப்பா, இப்போது நீங்கள். உடன் போன சித்தப்பா இன்று நினைவோடு இருக்கிறார் என்றால், அன்று யாரோடு போனார், எந்தப் பக்கம் உட்கார்ந்தார், டிக்கெட் யார் கையில் இருந்தது என்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதி, டிக்கெட்டின் இரண்டு பக்கப் படத்தையும் இணைத்து, நோட்டரி முன்னால் ஒரு பிரமாண வாக்குமூலமாக அவர் கையெழுத்துப் போடட்டும். நோட்டீஸுக்காக வக்கீலைப் பார்க்கப் போகும் அன்றைக்கே அவரையும் அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.