போட்டிக்கு டெக் (ஆட்டத்துக்குக் கொண்டு போற கார்டுக் கட்டு) கட்டும்போது எந்தக் கார்டை வைக்கிறது, எதைத் தூக்குறது?

போக்கிமான் கார்டு ஆட்டத்தைத்தான் கேக்குறீங்கன்னு வச்சுக்கிட்டு சொல்றேன், எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். ஊரு கீழக்கரை. கார்டெல்லாம் துபாய்ல இருக்க எங்க காக்கா, அதாவது அண்ணன், லீவுக்கு வரும்போது கொண்டு வர்றது, அவரு திரும்பிப் போகும்போது இங்கருந்து தொதல்ங்கிற எங்க ஊரு இனிப்பைக் கட்டிக் குடுப்போம், அவ்ளோதான் எங்க வியாபாரம்.

முதல் டெக்ல நான் பண்ண தப்பு என்னன்னா காக்கா கொண்டு வந்ததுல நல்லா இருந்த எல்லாத்தையும் உள்ள திணிச்சேன், "எதுக்கும் இருக்கட்டும்"னு ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு ஒண்ணா ஒரு இருபது கார்டு. மதுரைல ஒரு சின்ன போட்டிக்குப் போயி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல. பஸ்ல திரும்பி வரும்போதுதான் கணக்குப் போட்டுப் பாத்தேன். டெக்ல 60 கார்டு, ஆரம்பத்துல கையில வர்றது 7. ஒரே ஒரு காப்பி வச்சா அது அந்த ஏழுல இருக்க வாய்ப்பு 12 சதவீதம்கூட இல்ல, ரெண்டு வச்சா 22, மூணு வச்சா 31 சொச்சம், நாலு வச்சா கிட்டத்தட்ட 40. பேசிக் எனர்ஜி (போக்கிமான் தாக்குறதுக்கு சக்தி குடுக்குற சாதாக் கார்டு) தவிர ஒரே பேருல நாலுக்கு மேல வைக்க முடியாது, அதனால முதல் ரெண்டு டர்ன்ல கண்டிப்பா வேணுங்கிற கார்டுன்னா யோசிக்காம நாலு வைங்க. இன்னொண்ணு, ஆரம்பத்துலயே 6 கார்டு ப்ரைஸா (எதிராளியோட போக்கிமானை வீழ்த்தினா எடுத்துக்குற பரிசுக் கார்டு) கவுத்து வச்சுருவோம்ல, ஒத்தக் காப்பி பத்து ஆட்டத்துல ஒண்ணுல அதுக்குள்ள போயி உக்காந்துக்கும். அதை நம்பி ப்ளான் போட்டுருந்தீங்கன்னா முடிஞ்சுது.

அப்புறம் நான் கட்டினது 2023-ல வந்த சாரிசார்ட் இஎக்ஸ்ங்கிற போக்கிமானை வச்சு ஆடுற டெக். அதுல கத்துக்கிட்டதுதான் அதிகம். முதல்ல 15 ஃபயர் எனர்ஜி வச்சேன், நெருப்பு டெக்குக்கு நெருப்பு வேணும்லன்னு, ஆனா சாரிசார்ட் எவால்வ் ஆகி (சின்ன போக்கிமான்ல இருந்து வளர்ந்து) வரும்போதே டெக்ல இருந்து மூணு எனர்ஜி வரைக்கும் தேடி எடுத்து போட்டுக்கும், அப்ப அந்த எனர்ஜி டெக்குக்குள்ள இருந்தாத்தான் லாபம், கையில வந்து நிக்கிறதுல ஒண்ணும் இல்ல. 7-க்கு இறக்கினேன், மிச்ச எட்டு இடத்துல சீக்கிரம் எவால்வ் பண்ற ரேர் கேண்டியையும் டெக்ல போக்கிமானைத் தேடி எடுக்குற அல்ட்ரா பாலையும் நாலு நாலாக்கி, சப்போர்ட்டர்னு சொல்ற வகைல கார்டு இழுக்குறதைக் கொஞ்சம் கூட்டினேன். சப்போர்ட்டரையும் ரொம்ப அடைக்காதீங்க, ஒரு டர்னுக்கு ஒண்ணுதான் போட முடியும், முதல்ல ஆடுறவனுக்கு முதல் டர்ன்ல அதுவும் கிடையாது.

எதைத் தூக்குறதுன்னு கேட்டீங்கன்னா, வாப்பா கடைல பற்று வரவு எழுதுற நோட்டு ஒண்ணை எடுத்து வச்சுக்கிட்டேன். ஆட்டம் முடியும்போது கையில போடாமக் கெடக்குற கார்டு பேருக்கு நேரா ஒரு கோடு. மச்சான்கூட திண்ணைல ஒரு முப்பது ஆட்டம் ஆடினதுல (கடக்காத்துல பாதி கார்டு பறந்து ஓடும், அது வேற கதை) எனக்கு உசுரான ஒரு கார்டுக்கு பதினோரு கோடு விழுந்துருந்துச்சு. தூக்கிட்டேன். மனசு கேக்கலதான்.

கார்டுல கீழ இடது ஓரத்துல சின்னதா ஒரு எழுத்து இருக்கும், அது எந்தக் காலத்துக் கார்டுன்னு காட்டும், நீங்க போற போட்டிக்கு அந்த எழுத்து செல்லுமான்னு பாத்துட்டுக் கட்டுங்க.

யாரும் சொல்லாத ஒண்ணு, கடலோரத்துல இருக்கவங்களுக்கு. ஒரே கார்டு மினுமினுக்குற ஃபாயில்லயும் சாதாவுலயும் இருந்தா டெக்ல சாதாவை வைங்க. ஈரக்காத்துக்கு அட்டை உப்பும், மேல இருக்க ஃபாயில் உப்பாது, காயப்போட்ட கருவாடு மாதிரி வளைஞ்சுரும். ஸ்லீவ் (கார்டு உறை) போட்டாலும் டெக்கை மூடி வச்சாலே அந்தக் கார்டு எங்க இருக்குன்னு தெரியும், அடையாளம் வச்ச கார்டுன்னு ஜட்ஜ் சொல்லிட்டா அதுக்குப் பெனால்ட்டி உண்டு. எனக்கு ரெண்டாவது போட்டில அப்டித்தான், நல்லவேளை மாத்த சாதா கார்டு இருந்துச்சு. அந்த ஃபாயில் சாரிசார்ட்டை ஈரம் இழுக்கட்டும்னு அரிசி டப்பால போட்டு வச்சேன், ஒரு வாரத்துல கொஞ்சம் நிமிந்துச்சு, உம்மா அரிசி அளக்கும்போது எடுத்து ஜன்னல்ல வச்சுட்டாங்க, மறுபடி வளைஞ்சு கெடக்கு.