நிலா நசுங்கி வருவது மென்பொருளின் பிழை அல்ல

பின்னல் மெஷினில் இரண்டு நிற நூலால் ஸ்வெட்டரில் பின்னிய நிலா நசுங்கி வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அகலத்தை 60 கண்ணியாகவே (கண்ணி என்பது பின்னலின் ஒரு வளையம்) விட்டுவிட்டு, உயரத்தை 60 வரிசையிலிருந்து 86 ஆக்குங்கள். திரையில் வட்டமாக இருந்த நிலா ஸ்வெட்டரிலும் வட்டமாக வரும்.

டிசைனாநிட் என்ற பின்னல் வடிவமைப்பு மென்பொருளில் சதுரக் கட்டத்தில் வரைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பின்னிய கண்ணி சதுரம் இல்லை. அகலம் கூட, உயரம் குறைவு. 10 செ.மீ.க்கு 28 கண்ணி, 40 வரிசை என்று வைத்தால், 60 கண்ணி சுமார் 21 செ.மீ. அகலம் வரும், 60 வரிசையோ 15 செ.மீ.தான். அதனால்தான் உங்கள் நிலா இட்லி மாதிரி தெரிகிறது.

உங்கள் நூலுக்குக் கணக்கு மாறும். அதே நூல், அதே டென்ஷன் எண்ணில் (கண்ணியின் இறுக்கத்துக்கு மெஷினில் வைக்கும் எண்) ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள். நடுவில் 40 கண்ணி, 60 வரிசைக்கு வேறு நிற நூலால் அடையாளம் வையுங்கள். மெஷினிலிருந்து எடுத்த உடனே அளக்காதீர்கள். எடை தொங்கியதில் துணி நீண்டிருக்கும். அலசி, காயவைத்து, மறுநாள் அளந்து அந்த எண்களை மென்பொருளில் கொடுங்கள்.

முக்கியமாக, மாதிரியையும் இரண்டு நிறத்திலேயே பின்னுங்கள். பின்பக்கம் ஓடும் நூல் துணியை இழுத்துப் பிடிப்பதால் ஒற்றை நிறத் துண்டின் அளவு இதற்குப் பொருந்தாது.

ஒரு எச்சரிக்கை: படத்தை மென்பொருளே நீட்டினால் ஓரம் படிக்கட்டுபோல் உடையும். அந்தக் கட்டங்களைக் கையால் ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். அரை மணி நேரம் பிடிக்கும், ஆனால் கை அங்கேதான் பழகும்.