நிழல் துணியில் தண்ணீர் தேங்கினால்

வணக்கம். கொல்லையில் 12க்கு 12 அடி நிழல் துணியை நான்கு மூலையும் ஒரே உயரத்தில் கட்டியிருக்கிறீர்கள், மழை பெய்தால் நடுவில் தண்ணீர் தேங்குகிறது என்கிறீர்கள். அப்படிக் கட்டினால் எவ்வளவு இழுத்தாலும் தொய்யத்தான் செய்யும். எதிரெதிர் மூலைகள் இரண்டை மட்டும் இரண்டரை அடி இறக்குங்கள். துணி முறுக்கிக்கொண்டு விறைப்பாக நிற்கும், தண்ணீரும் வழிந்துவிடும். மூலைக்கும் கொக்கிக்கும் நடுவே ஓரடி விட்டு டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் இணைப்பு) மாட்டினால், பிறகு துணி இளகும்போது இறுக்கிக்கொள்ளலாம்.

எனக்குக் கவலை, துணியைக் கட்ட மாடிக் கைப்பிடிச் சுவரில் நீங்கள் அடித்திருக்கும் கொக்கிகள்தான். பலத்த காற்றில் துணி கப்பல் பாய் மாதிரி இழுக்கும். நாலரை அங்குலச் செங்கல் சுவரை நம்ப முடியாது. கான்கிரீட் தூணிலோ பீமிலோ ஆங்கர் போல்ட் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) அடியுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். அப்புறம், தண்ணீர் வழியும் மூலை பக்கத்து வீட்டைப் பார்த்து இருக்க வேண்டாம், அது தனிச் சண்டை!